அம்மாவின் முப்பத்தொரு நாள் பட்டியல்

நம் தமிழ்ப் பள்ளித் தோழிகளின் கைபேசிக் குழுவில் போன கிழமை ஒருத்தி ஒரு கட்டுரையைப் போட்டிருந்தாள். வேலைக்குப் போகிற அம்மாக்கள் வீட்டையும் பிள்ளைகளையும் சுலபமாக ஒழுங்குபடுத்த என்னென்ன செய்யலாம் என்று. கீழே நீங்கள் எல்லோரும் சிரித்து வைத்திருந்தீர்கள். இதெல்லாம் உன் அம்மா எப்பவோ செய்தவ, அவவின் முறையை எழுதிப்போடு என்று என்னையும் இழுத்துவிட்டீர்கள்.

எழுதுகிறேன். ஆனால் அம்மாவின் பட்டியலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த ஒரு வசந்தகாலம்தான் முன்னால் வந்து நிற்கிறது. இரண்டு பிள்ளைகளைப் பெற்று, முன்நெற்றியில் ஒன்றிரண்டு நரையும் கண்ட பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை. வெளியே சொன்னால் நம்புவார்களா என்று இத்தனை வருடம் ஒருவரிடமும் சொன்னதில்லை. நீங்கள் நம்புவீர்கள். நம் வீடுகள் எப்படி நடந்தன என்று உங்களுக்குத் தெரியும்.

அது இலங்கையில், நம் ஊரில், போர் முடிந்த வருடம். டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது, அக்காவுக்குப் பதினைந்து. மாசி மாதம் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்தார்கள். பாரம் தூக்கக் கூடாது, கார் ஓடக் கூடாது, மனதை அலட்டிக்கொள்ளவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா தொழிற்சாலை வேலையை விட்டு வீட்டில் இருந்தார். அம்மா முதியோர் இல்லத்தில் காலை முறையும் மாலை முறையுமாக மாறி மாறி ஓடினார்.

அந்த ஓட்டத்தில்தான் பட்டியல் பிறந்தது. முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு கிழவருக்கும் ஒரு தாள் உண்டாம். எப்போது மருந்து, எப்போது குளிப்பு, எந்தக் கிழமை கால்நகம் வெட்டுவது என்று கட்டம் கட்டமாகப் போட்டிருப்பார்களாம். அம்மா அதை அப்படியே எங்கள் ஃபிரிட்ஜ் கதவுக்குக் கொண்டுவந்துவிட்டார். அப்பாவுக்கு நீலப் பேனை, அக்காவுக்குப் பச்சை, எனக்கு மஞ்சள், அம்மாவுக்குச் சிவப்பு. மஞ்சள் எழுத்து கண்ணுக்கே தெரியாது என்று நான் சிணுங்கியதை யாரும் காதில் வாங்கவில்லை.

நீங்கள் கேட்ட முறைகள் இவைதான். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் கிழமை முழுவதற்கும் சமையல். முதலில் எல்லாக் குளிர்கோட்டுகளையும் படுக்கையறை அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவோம், கறிமணத்தோடு நாங்கள் பள்ளிக்கூடம் போகக்கூடாது. பிறகு பல்கனிக் கதவைத் திறந்துவிட்டு, ஒரு பை வெங்காயத்தை அம்மா ஒரே தாச்சியில் பொரிப்பார். பொரித்த வெங்காயம் ஐஸ்கட்டித் தட்டில் போய் உறையும். அவசரத்தில் இரண்டு கட்டியைச் சட்டியில் போட்டால் கறி பாதி முடிந்த மாதிரி. கழுவிய ஐஸ்கிரீம் பெட்டிகளில் கோழி, பருப்பு, மீன்குழம்பு என்று ஏழு நாளுக்கும் அடுக்கி, பெட்டியின் மேல் காகித நாடா ஒட்டிக் கிழமையை எழுதுவார். இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு அக்கா அடுத்த நாள் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டிகளை நிரப்ப வேண்டும். றூப்றோ என்கிற கறுத்த பாண் இரண்டு துண்டு, அதில் லெவபொஸ்டை என்கிற ஈரல் பூச்சு, மேலே வெள்ளரிக்காய். அந்த ஈரல் பூச்சில் எனக்கு அப்படி ஒரு பைத்தியம்.

"இந்த வீட்டிலை மூச்சு விடுறதுக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறீரோ?" என்று அப்பா கேட்பார்.

"உங்களுக்கு நீலத்திலை போட்டிருக்கு. வாசிச்சுப்போட்டு விடுங்கோ" என்பார் அம்மா.

அப்பாவின் நீலக் கட்டத்தில் மருந்து, நடை, ஓய்வு என்றுதான் இருக்கும். ஆனால் அவருடைய நாள் முழுவதும் வேறொன்றில்தான் ஓடியது. அவருடைய ஒரே தம்பி, எங்கள் சித்தப்பா, வன்னியில் அகப்பட்டிருந்தார். தாய் தகப்பன் நேரத்தோடு போய்விட்டதால் அப்பாதான் அவரைத் தூக்கி வளர்த்தவர். சித்தப்பாவை நான் கண்டதே இல்லை. தொலைபேசியில் குரல் மட்டும் தெரியும். "சின்னவ, இண்டைக்கு என்ன குழப்படி விட்டனீ?" என்றுதான் கதையைத் தொடங்குவார். நான் டெனிஷில் பதில் சொன்னால் விளங்காமலே விழுந்து விழுந்து சிரிப்பார். தைப்பொங்கலுக்குப் பிறகு அந்தக் குரலும் வரவில்லை. அப்பா ஒவ்வொரு பின்னேரமும் அந்த இலக்கத்தை அழுத்துவார், காதில் வைத்திருப்பார், வைத்துவிடுவார்.

சித்திரையில் ஒரு புதன்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா ஃபிரிட்ஜின் முன் நின்று அந்தக் கிழமைப் பட்டியலைக் கிழித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எழுதினால் அடுத்த ஞாயிறு வரைக்கும் அதில் ஒரு புள்ளி மாறாது. அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட மாறவில்லை. அம்மா புதுத் தாளை ஒட்டி, ஃப்ரீசரில் இருந்த கோழி, மீன் பெட்டிகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கீழ்வீட்டு டெனிஷ் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

"ஃப்ரீசர் சரியா வேலை செய்யேல்லை. கொஞ்ச நாளைக்கு மரக்கறிதான்" என்றார்.

உங்களுக்கு ஒளித்து வைத்துக் கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை. நடந்தது இதுதான். அன்று காலை அம்மாவுக்கு வேலையிடத்தில் ஒரு தொலைபேசி வந்திருக்கிறது. கனடாவிலிருந்து மாமி, அதாவது அப்பாவின் அக்கா. சித்தப்பா இரண்டு நாளைக்கு முன் ஷெல் விழுந்து செத்துப்போனார் என்றும், பக்கத்தில் இருந்தவர் தப்பி வெளியே வந்து சொன்னார் என்றும் சொல்லியிருக்கிறார். "அவனுக்கு இப்ப சொல்லிப்போடாதை. அவன்ரை நெஞ்சு தாங்காது. நீ பார்த்துப் பக்குவமாச் சொல்லு" என்றும் சொன்னாராம்.

சாவை ஒளிப்பது நமக்குப் புதிதா? பள்ளிச் சோதனை முடியட்டும், கலியாணம் முடியட்டும், பிள்ளைப்பேறு முடியட்டும் என்று எத்தனை சாவைப் பெரியவர்கள் மடியில் கட்டி வைத்திருந்தார்கள். ஒளித்ததில் எனக்கு அதிர்ச்சி இல்லை. அம்மா அதோடு நிற்கவில்லை. செத்தவருக்கு அண்ணனும் அண்ணன் வீட்டாரும் துடக்கு என்கிற சாவுத் தீட்டுக் காக்க வேண்டும். முப்பத்தொரு நாள் மச்சம் மாமிசம் தொடக்கூடாது, கோயிலுக்குப் போகக்கூடாது, கொண்டாட்டம் வைக்கக்கூடாது. அப்பாவுக்குச் சொல்லவும் ஏலாது, சித்தப்பாவைத் துடக்கில்லாமல் விடவும் மனமில்லை. அதனால் அம்மா எங்கள் மூன்று பேரையும், எங்களுக்கே தெரியாமல், பட்டியலால் துடக்குக் காக்க வைத்தார்.

நான்கு கிழமைக்கு மேல். ஒரு நாள் பிசகாமல்.

ஐஸ்கிரீம் பெட்டிகளில் பருப்பு, பூசணி, கோவா, கத்தரிக்காய் என்று மாறியது. பாணில் ஈரல் பூச்சு போய் வெறும் சீஸ் வந்தது. "கொலஸ்ட்ரோல். அப்பாக்காக எல்லாரும் சாப்பாட்டை மாத்துவம்" என்றார் அம்மா. பிள்ளைக்கு எங்கே கொலஸ்ட்ரோல் என்று நான் டெனிஷில் முணுமுணுத்தேன். பிறகு பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்த பெண்ணோடு தினமும் சீஸைக் கொடுத்து ஈரல் பூச்சை மாற்றிச் சாப்பிட்டேன். அம்மாவை ஏமாற்றிவிட்டேன் என்று ஒரு பெருமை வேறு. சித்தப்பாவின் துடக்குக்குள் நான் நாள் தவறாமல் ஈரல் தின்றிருக்கிறேன் என்று இப்போது நினைத்தாலும் நாக்குக் கூசுகிறது.

இடையில் என் பிறந்தநாள் வந்தது. டெனிஷ் வீடுகளில் வைப்பதுபோல மேசையில் சின்னக் கொடிகள் நட்டு, அம்மா கேக் சுடுவது வழக்கம். அந்த வருடம் மின்சார அவன் அடுப்புப் பழுது என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு மின்சார வேலை தெரியும். அம்மா வேலைக்குப் போன பிறகு அடுப்பின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சை பார் பிள்ளை. கொம்மா பியூசைக் கழட்டி வைச்சிருக்கிறா. கறண்ட் காசு மிச்சம் பிடிக்கிறாவாக்கும்."

இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். நான் பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன். பதின்மூன்றாம் பிறந்தநாளை ஒரு பியூசுக்காக இல்லாமல் பண்ணிய அம்மாவை நான் அன்று வெறுத்தேன், மறைக்காமல் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம் சவர அலகு. அப்பா கடைச்சாமான் தாளில் மூன்று முறை எழுதிப்போட்டும் அம்மா வாங்கி வரவில்லை. மற்றச் சாமான் எல்லாம் வரும், அது மட்டும் வராது. எதையுமே மறக்காத அம்மா எப்படி மறந்தார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்குத் தாடி வளர்ந்தது. வெள்ளையும் கறுப்புமாக. "சாமியாராப் போகப்போறன்" என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்லிக்கொண்டு திரிந்தார். செத்த வீட்டு ஆண்கள் வளர்க்கிற தாடியைத்தான் தானும் வளர்க்கிறார் என்று அந்த மனிதனுக்குத் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா அம்மாவைக் கெஞ்சினார். "இஞ்சாரும், ஆரின்ரையாவது காரிலை கோயிலுக்குப் போய்த் தம்பியின்ரை பேர் நட்சத்திரத்துக்கு ஒரு அர்ச்சனை செய்வியும். அவன் சுகமா வெளியிலை வந்திட வேணும்."

"வாற மாதம் செய்விப்பம். இப்ப எனக்கு லீவு இல்லை" என்றார் அம்மா. உடனே சிவப்புப் பேனையை எடுத்து, சுவர்க் கலண்டரின் அடுத்த மாதத் தாளில் அர்ச்சனை என்று எழுதியும் வைத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

இந்த நாட்களில்தான் போரை நிறுத்தச் சொல்லிக் கோப்பன்ஹேகனில் ஊர்வலம் என்று நம் ஆட்கள் பஸ் பிடித்துப் போனார்கள். மேல்வீட்டு அன்ரி வாசலில் வந்து நின்றார். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும், தமிழ்ப் பள்ளியில் நமக்குத் தேவாரம் சொல்லித் தந்தவர்.

"நீர் வரேல்லையோ? பிள்ளையளையாவது விடும்."

"எனக்கு வேலை அக்கா. பிள்ளையளுக்கும் வேறை வேலை போட்டிருக்கு."

"உங்கடை மனிசன்ரை தம்பி அங்கை சாகக் கிடக்கிறான். உமக்கு உந்தக் கிழடுகளைக் கழுவிறதுதான் பெரிசோ? கோயில் பக்கமும் காணேல்லை. நல்லா டெனிஷ்காரியாப் போட்டீர்."

அம்மா சிரித்தமாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். எனக்கும் அன்ரி சொன்னது சரி என்றுதான் பட்டது. எல்லா வீட்டிலும் அழுது கொட்டிக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் கிடந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அம்மா காற்சட்டைகளை நிறம் பிரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன். என் அம்மாவைப் பற்றி நான் நினைத்ததிலேயே மிகப் பெரிய பிழை அது.

வைகாசி நடுவில் ஒரு திங்கட்கிழமை போர் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. மேல்வீட்டிலிருந்து அன்ரி ஒப்பாரி வைத்து அழுவது மேல்தளம் வழியாகக் கேட்டது. அப்பா அழுதார்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையே அவருடைய முகம் மாறிவிட்டது. கொப்பி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு அகதி முகாம்களின் பெயர்களை எழுதத் தொடங்கினார்.

"சண்டை முடிஞ்சுது. இனி எல்லாரையும் முகாமிலை பதிவினம். தம்பி கெட்டிக்காரன், எப்பிடியும் வந்திருப்பான். ஒரு கிழமைக்குள்ளை எடுப்பான் பாருங்கோ" என்று எங்களிடம் சொன்னார். அக்காவும் நானும் தலையாட்டினோம். அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மாசிக்குப் பிறகு அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் அன்றுதான் கண்டேன்.

புதன்கிழமை அப்பாவின் நீலக் கட்டத்தில் ஆஸ்பத்திரிப் பரிசோதனை என்று இருந்தது. காலையில் குளியலறையில் புது சவர அலகுப் பெட்டி ஒன்று இருந்தது. அப்பா சீட்டியடித்துக்கொண்டு வழித்தார். டொக்டர் இதயம் நன்றாக இருக்கிறது, இனிக் காரும் ஓடலாம் என்று சொல்லிவிட்டாராம். அம்மா அன்று லீவு எடுத்திருந்தார். காலையிலிருந்து சமைத்துக்கொண்டே இருந்தார். வாழைக்காய்ப் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, உளுந்து வடை, பாயாசம். கிழமை நடுவில் இப்படி ஒரு சமையல் எங்கள் வீட்டில் நடந்ததே இல்லை.

பின்னேரம் மேசைக்கு வந்தோம். ஐந்து தட்டு இருந்தது. ஐந்தாவது தட்டில் எல்லாக் கறியும் படைத்து, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர்.

"ஆரும் வருகினமோ?" என்றார் அப்பா, கதிரையை இழுத்துக்கொண்டே.

"இல்லை. இது தம்பிக்கு" என்றார் அம்மா. செம்பைத் தட்டின் பக்கம் நகர்த்திவிட்டு, "இண்டைக்கு முப்பத்தொண்டு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அக்காவுக்கு விளங்கிவிட்டது, என் கையை மேசைக்குக் கீழே இறுக்கிப் பிடித்தாள். அப்பா எழுந்தார். நெஞ்சைப் பிடிப்பார் என்று நினைத்து அம்மா பாய்ந்து வந்தார். அப்பா நெஞ்சைப் பிடிக்கவில்லை. தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக அவருக்குள் போய் விழுவது முகத்தில் தெரிந்தது. கோழி, கோயில், கேக், பியூஸ். எங்கள் எதிரில் அம்மாவை நீர் என்று மட்டுமே சொல்கிறவர் அன்று நீ என்றார்.

"நான் அழமுதல் அவன்ரை துடக்கைக் கழிச்சுப்போட்டியே. அவன் செத்ததுக்கு நான் சிரிச்சுக்கொண்டு தாடி வளர்த்திருக்கிறன். இண்டைக்கு என்ரை கையாலையே அதையும் வழிச்சுப்போட்டு, சீட்டியடிச்சுக்கொண்டு வந்திருக்கிறன். நான் என்ன உன்ரை வேலைத்தலத்துக் கிழவனே, கட்டத்திலை போட்டுப் பார்க்க?"

"உங்கடை நெஞ்சு தாங்காது எண்டு பயந்திட்டன்." அம்மாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஆனா அவனுக்குத் துடக்குக் காக்க உங்களை விட்டா ஆர் இருக்கினம்? துடக்கில்லாமல் போகவிட ஏலுமே? தெரியாமல் காத்தாலும் காத்ததுதானே எண்டு நினைச்சன்."

"முப்பத்தொரு நாள். நேற்றும் நான் முகாம் பேர் எழுதிக்கொண்டு இருந்தனான். நீ பார்த்துக்கொண்டு நிண்டனீ."

அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றது, தான் செய்ததிலேயே கொடுமையானது என்று அம்மாவுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன்னாவது அப்பாவிடம் சொல்லியிருக்கலாம் அம்மா என்று பிறகு ஒருமுறை கேட்டேன். டொக்டர் பார்க்கமுதல் எப்படிச் சொல்வது என்று திருப்பிக் கேட்டார்.

அப்பாவின் கோபம் இறங்கிக்கொண்டு வந்தது. அம்மாவை அப்போதுதான் முதல்முறை காண்பவர்போலப் பார்த்தார்.

"அப்ப நீர்? நீர் அழேல்லையோ?"

"அழுதனான்."

"எங்கை? இந்த வீட்டிலை நான் முழுநாளும் இருந்தனான். ஒரு நாளும் காணேல்லை."

அம்மா மேசைத் துணியின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே சொன்னார்.

"வேலையிலை. உங்கடை அக்கா எடுத்துச் சொன்ன மற்ற நாள், என்ரை பகுதியிலை ஒரு கிழவி செத்துப்போனா. யன்னலைத் திறந்து விட்டிட்டு, மேல் கழுவி உடுப்பு மாத்திற வேலை எனக்கு வந்தது. கதவைச் சாத்திப்போட்டு அங்கைதான் அழுதனான். தம்பி, தம்பி எண்டு சத்தம் போட்டு அழுதனான். மகள்காரி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சவ. என்ரை அம்மாவிலை உமக்கு இவ்வளவு பாசமோ எண்டு கேட்டவ."

"நீர் என்ன சொன்னீர்?"

"ஓம் எண்டனான்."

அப்பா அம்மாவின் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். அதற்குப் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.